பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசத் தொடங்குவது: புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சதைப் பரிசோதனையின் முடிவு கைக்கு வந்த வாரத்தில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஊரிலிருந்து சித்தி வந்திருப்பார், அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து போவார்கள், தொலைபேசி ஓயாது. அத்தனை பேர் நடுவிலும், இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மனத்தில் ஓடுவதைச் சொல்ல ஒருவரும் இல்லை என்று தோன்றும். அவர்களுக்கு அன்பில்லை என்பதல்ல காரணம். நாம் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் அழுதுவிடுவார்கள், பிறகு நாம்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கும். அதே வழியில் நமக்கு முன்னால் நடந்து போனவரிடம் இந்தச் சிக்கல் இல்லை. அவரைத் தேடிக்கொள்வது எப்படி, அவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் எட்டு சைக்கிள் (சுற்று) கீமோவும் 25 நாள் ரேடியேஷனும் முடித்து, அதன் பிறகு சில ஆண்டுகளாகக் கீமோ வார்டில் தன்னார்வலராகப் புதியவர்களுடன் உட்கார்ந்து பேசி வருகிறவள் என்ற முறையில், எனக்கு உதவியவற்றையும் நான் செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

எதை எதிர்பார்க்கலாம்

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1989இல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரவிய நிலையில் மார்பகப் புற்றுநோய் இருந்த பெண்களில், வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்றது அது. உலகம் முழுவதும் பேசப்பட்ட அந்த முடிவைச் சரிபார்க்க, கனடாவில் பமீலா குட்வின் தலைமையில் 235 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2001இல் வெளிவந்தபோது, குழுவில் சேர்ந்ததால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. ஆனால் மன உளைச்சலும் வலியை உணரும் அளவும் குறைந்திருந்தன; அதுவும் தொடக்கத்தில் மிகுந்த உளைச்சலில் இருந்தவர்களுக்கே பயன் கூடுதலாக இருந்தது. ஆகவே, சக நோயாளிகளுடன் சேர்ந்தால் நோய் குணமாகும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். சிகிச்சைக் காலத்தின் நாள்களைத் தாங்கக்கூடியவையாக ஆக்கிக்கொள்ளவே நாம் அவர்களைத் தேடுகிறோம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கே தேடுவது

வெகுதூரம் போக வேண்டாம். கீமோ டே கேரில் (ஊசி ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்பும் பிரிவில்) நாற்காலிகள் வரிசையாக இருக்கும், ஊசி ஏறி முடிய மூன்று மணி நேரமோ ஐந்து மணி நேரமோ ஆகும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே முகங்கள் அதே கிழமையில் வரும். கரண்ட் வைக்கும் இடத்தில் (ரேடியேஷனை நம் ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறோம்) இது இன்னும் எளிது. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஐந்தாறு வாரம் ஒரே பெஞ்சில் காத்திருப்பவர்கள் மூன்றாம் நாளே ஒருவருக்கொருவர் இடம் பிடித்து வைக்கத் தொடங்கிவிடுவார்கள். அடையாறு, காஞ்சிபுரம் காரப்பேட்டை, மதுரை பாலரெங்காபுரம், வேலூர், புதுச்சேரி ஜிப்மர் என்று வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிச் சிகிச்சை பெறும் இடங்களில், சுற்றியுள்ள விடுதிகளும் சத்திரங்களும்கூட இப்படிப்பட்ட இடங்கள்தாம். யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழைக்கு வருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது வழி, மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளர் அல்லது கவுன்சலர். பெரிய மருத்துவமனைகளில் அப்படி ஒருவர் இருப்பார். ஆனால் நாம் கேட்காமல் அவர் நம்மைத் தேடி வர மாட்டார், ஏனென்றால் அவர் கையில் நூறு ஃபைல்கள் இருக்கும். “எனக்கு வந்த அதே நோய்க்குச் சிகிச்சை முடித்தவர் யாராவது பேசச் சம்மதிப்பாரா?” என்று நேராகக் கேளுங்கள். இப்படிக் கேட்பது புதுமையல்ல. மார்பகத்தை அகற்றிய பின் பெண்கள் எதை எதிர்கொள்கிறார்கள் என்பதைத் தன் உடம்பில் அறிந்த டெரீஸ் லாசர் என்ற அமெரிக்கப் பெண், 1952இல் நியூயார்க்கில் மருத்துவமனைப் படுக்கைகளுக்கே சென்று புதியவர்களைச் சந்திக்கத் தொடங்கினார். ‘ரீச் டு ரிகவரி’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் பக்கத்திலும் இந்தச் சிந்தனைக்கு ஓர் ஆழமான வேர் உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியதற்குப் பின்னால், தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் துயரம் இருந்தது. வீட்டுக்குள் நடந்த ஒன்றை வெளியே கொண்டுவந்து பிறருக்குப் பயன்படச் செய்தவர் அவர்.

குழந்தைக்கு நோய் வந்திருந்தால் பெற்றோர் தனியாகத் தேட வேண்டியதே இல்லை. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும் என்பதால் அந்த வார்டின் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் உறவுக்காரர்களைப் போலவே ஆகிவிடுகிறார்கள். குழந்தைப் பருவத்தில் புற்றுநோயிலிருந்து மீண்டு வளர்ந்தவர்கள் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆதரவில் நடத்தும் ‘உகம்’ என்ற குழுவும் இருக்கிறது. தலைமுடி கொட்டிய தன் நான்கு வயது மகனை மடியில் வைத்திருக்கும் ஒரு தாய்க்கு, அதே நோய் வந்து பிழைத்து இப்போது வேலைக்குப் போகும் ஓர் இளைஞனை நேரில் பார்ப்பதைவிடப் பெரிய ஆறுதல் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது

இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் நான் இங்கேதான் தவறினேன். என் இரண்டாவது சைக்கிளின்போது பக்கத்தில் இருந்த வயதான அம்மாவிடம், நல்லெண்ணத்தோடுதான், “உங்களுக்கும் கேன்சர் எந்த இடத்தில்?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறியது. கால்மாட்டில் நின்றிருந்த மகன் என்னை வெளியே அழைத்து, “அக்கா, அம்மாகிட்ட வெறும் கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்கோம்” என்றார். அந்தக் குடும்பம் பல வாரங்களாகக் காத்து வந்ததை நான் ஒரு கேள்வியில் உடைத்துவிட்டேன். நோயாளியிடம் உண்மையை மறைப்பது சரியா என்பது வேறு விவாதம். மறைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். ஆனாலும் அதை முடிவு செய்வது பக்கத்து நாற்காலிக்காரரின் வேலை அல்ல. எனவே நோயின் பெயரை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். அவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ, கட்டியோ, கழலையோ, புண்ணோ, அதையே நீங்களும் பயன்படுத்துங்கள்.

முதல் கேள்வி எளியதாக இருக்கட்டும். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், காலையில் சாப்பிட முடிந்ததா, இது எத்தனையாவது ஊசி, இந்த மூன்றில் ஒன்று போதும். பதில் ஒரே சொல்லில் வந்தால் அவர் பேசும் நிலையில் இல்லை என்று புரிந்துகொண்டு விட்டுவிட வேண்டும். குமட்டலோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பேச்சு ஒரு சுமை. எந்த நிலை, மருத்துவர் எவ்வளவு காலம் சொன்னார், மருந்துக்கு எவ்வளவு செலவானது என்ற கேள்விகளை அவராகத் திறக்காதவரை நாம் தொடக் கூடாது. “எங்க சித்தப்பாவுக்கும் இதேதான் வந்துச்சு” என்று தொடங்குவதற்கு முன் அந்தச் சித்தப்பா இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு கணம் யோசித்துக்கொள்ளுங்கள்.

யார் உங்களுக்குச் சரியான துணை

நோய் ஒன்றே ஆனாலும் எல்லாருடைய அனுபவமும் எல்லாருக்கும் பயன்படாது. உங்கள் உறுப்பில் அதே வகைச் சிகிச்சை பெற்று, உங்களைவிட ஆறு மாதமோ ஓராண்டோ முன்னால் இருப்பவர்தான் மிகவும் உதவியாக இருப்பார். பத்தாண்டுக்கு முன் முடித்தவருக்கு வாய்ப்புண்ணின் எரிச்சல் மறந்து போயிருக்கும். உங்களோடு அதே வாரத்தில் தொடங்கியவருக்கு உங்களைப் போலவே எதுவும் தெரியாது.

சில விஷயங்களை அனுபவம் உள்ளவரைத் தவிர வேறு யாராலும் கற்றுத்தர முடியாது. குரல்வளையை அகற்றிய ஒருவர், உணவுக்குழாயில் காற்றை இழுத்துப் பேசப் பழகியிருக்கும் இன்னொருவர் தம் முன்னால் உட்கார்ந்து பேசுவதைக் கேட்கும்போதுதான் தம்மாலும் முடியும் என்று நம்புகிறார். வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்தப்பட்டவருக்கு, பேருந்துப் பயணத்துக்கு முன் எப்போது சாப்பிட வேண்டும், கல்யாண வீட்டில் பையை எங்கே வைத்து மாற்றுவது என்பதை அதே பையோடு ஐந்து கல்யாணத்துக்குப் போய்வந்தவர் சொன்னால்தான் நம்பிக்கை வரும்.

எனக்கு இதைச் செய்தவர் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் தையற்காரர். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஜாக்கெட்டுக்குள் பஞ்சை வைத்துக்கொண்டு திரிந்தேன். கை தூக்கும்போதெல்லாம் அது கழுத்தை நோக்கி ஏறிவிடும், நான் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொள்வேன். அவர் ஒரு நாள் டே கேரில் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “கனம் இல்லாம வச்சா ஏறத்தான் செய்யும் கண்ணு” என்றார். அடுத்த சைக்கிளுக்கு வரும்போது ஒரு பருத்தித் துணியில் தைத்த சிறு பையைக் கொண்டுவந்தார். அடியில் ஒரு பிடி கேழ்வரகு, மேலே பஞ்சு, வாய் மூடித் தைத்தது. உள்ளாடையின் உட்புறம் அதைச் செருக ஒரு உறை, துவைக்கும்போது பையை வெளியே எடுத்துவிடலாம். மறுபக்கத்தோடு கனம் ஒத்துப்போவதால் தோளும் ஒருபுறம் சாயாது என்று விளக்கினார். தையல் காய்ந்து, சர்ஜனிடம் கேட்ட பிறகே போட வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். கடையில் சிலிகான் பொருள்கள் கிடைக்கின்றன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அன்று அந்தக் கழிப்பறைக் கண்ணாடியின் முன் முந்தானையைச் சரி செய்யாமல் நிமிர்ந்து நின்றதை நான் மறக்கவில்லை.

எதை ஏற்பது, எதை விடுவது

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். வாழ்வது எப்படி என்று சக நோயாளியிடம் கேளுங்கள்; மருந்து என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். கீமோ நாளில் என்ன உடை வசதி, வாய் கசப்புக்கு நெல்லிக்காய்த் துண்டு உதவுமா, அறுவை செய்த பக்கத்துக் கையை உயர்த்தச் சுவரில் விரல்களை நகர்த்தும் பயிற்சியை எத்தனை முறை செய்தீர்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு எந்தக் கவுண்டர் என்பவையெல்லாம் அவர்களிடம் கேட்க வேண்டியவை. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை, உடன் வருபவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு, அதற்கு மருத்துவமனை தரும் சான்றிதழ் வேண்டும் என்ற செய்தி எனக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் கிடைத்தது. அதற்குள் நான்கு முறை முழுக் கட்டணம் கொடுத்துப் பயணம் செய்திருந்தேன்.

மருந்தை ஒப்பிடத் தொடங்கினால் நிம்மதி போய்விடும். மார்பகப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் ஹார்மோன் ஏற்பி உள்ளவை (உடலின் ஹார்மோனைப் பிடித்து வளர்பவை), ஹெர்2 என்ற புரதம் மிகுந்தவை, இவை எதுவும் இல்லாதவை என்று வெவ்வேறு வகைகள் இருக்கின்றன. ஒருவருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு மாத்திரை, இன்னொருவருக்கு ஓராண்டு ஊசி, மூன்றாமவருக்குக் கீமோவோடு சரி. “அவளுக்கு மாத்திரை தந்தார்கள், எனக்கு ஏன் தரவில்லை, பணம் கட்டாததாலா?” என்று அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துப் புழுங்காமல், அடுத்த ஓபியில் உங்கள் நோயியல் அறிக்கையைக் காட்டி மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

முள் சீத்தா இலைக் கஷாயம், கருஞ்சீரகம், சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்ற பேச்சு, இவை எந்த வார்டிலும் வந்தே தீரும். சொல்பவர் உண்மையான அக்கறையோடுதான் சொல்வார். சண்டை போட வேண்டாம். “டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லி, உண்மையிலேயே கேளுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கக்கூடியவை. ஆனால் சிகிச்சையையே நிறுத்திவிட்டு ஒரு வைத்தியரிடம் போகலாம் என்று யாராவது அழைத்தால், அந்த உறவிலிருந்து விலகிவிடுங்கள். அப்படிப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு மாதத்தைத் திருப்பித் தர எந்த மருத்துவராலும் முடியவில்லை.

குழுவில் சேரும்போது

ஒருவர் இருவரோடு பழகிய பிறகு வாட்ஸ்அப் குழுவுக்கு அழைப்பு வரும். சேர்ந்த உடனே எழுதாமல் ஒரு வாரம் படித்துப் பாருங்கள். ஃபார்வேர்டுகளைத் தடுக்கும் பொறுப்பாளர் இருக்கிறாரா, யாராவது மருந்தோ சத்துமாவோ விற்கிறார்களா, வலியோடு ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் பதில் தருகிறார்களா அல்லது பூங்கொத்துப் படத்தோடு நின்றுவிடுகிறார்களா என்று கவனியுங்கள். அறிக்கைகளைப் படமெடுத்து அங்கே போடாதீர்கள். வீட்டில் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், வெளியே தெரிந்தால் பரம்பரை நோய் என்பார்கள் என்ற அச்சம் பல குடும்பங்களில் இருக்கிறது. மற்றவருடைய பெயரும் நோயும் உங்கள் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது.

‘போராளி’, ‘வென்றவர்’ என்ற சொற்கள் குழுக்களில் அதிகம் புழங்கும். அவை சிலருக்கு வலு தருகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் நோய் திரும்பி வந்தவரும், வாழ்நாள் முழுவதும் சிகிச்சையில் இருக்க வேண்டியவரும் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் தோற்றவர்கள் அல்லர். நீங்கள் அந்த நிலையில் இருந்து, சிகிச்சை முடிந்து கேக் வெட்டும் படங்கள் உங்களை நோகச் செய்தால், கூச்சப்படாமல் அந்தக் குழுவிலிருந்து விலகி, உங்களைப் போன்ற நிலையில் உள்ள ஒருவரை மட்டும் தேடிக்கொள்ளுங்கள். வலி நிவாரணப் பிரிவின் செவிலியர்கள் இதற்கு நன்றாக உதவுவார்கள். அந்தப் பிரிவு கடைசி நாள்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து ஒதுங்க வேண்டாம்.

உடனிருப்பவர்கள்

கணவர்களும் மகன்களும் வார்டுக்குள் பேச மாட்டார்கள். மருத்துவமனை வாசலில் உள்ள டீக்கடைதான் அவர்களுடைய குழு. அங்கே கையில் ஃபைலோடு நிற்கும் இன்னொருவரிடம், “எந்த வார்டு?” என்று கேட்பதே போதுமான தொடக்கம். இரவில் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், யாரிடமும் சொல்ல முடியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால், நோயாளியோ உடனிருப்பவரோ, ‘டெலி மானஸ்’ என்ற அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

ஒருவர் வராமல் போகும் நாள்

இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இந்த நட்புகளில் சில பாதியில் நின்றுவிடும். விழுப்புரத்துத் தையற்காரருக்கு நான் அனுப்பிய செய்தியில் ஒரு டிக் மட்டுமே நாள்கணக்கில் இருந்தது. பிறகு அவர் மகள் அழைத்தார். அன்றிலிருந்து பல நாள் எனக்குத் துக்கத்தைவிட, நான் ஏன் இருக்கிறேன் என்ற குற்ற உணர்வே அதிகமாக இருந்தது. என் முடிவும் அதுதானோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. இவை இரண்டும் எல்லாருக்கும் வருகின்றன என்று பின்னர் கவுன்சலர் சொன்னபோதுதான் மூச்சு விட முடிந்தது. அப்படி நேர்ந்தால், முடியுமானால் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள்; தாயின் சிகிச்சைக் காலத்தில் அவர் சிரித்துப் பேசிய நேரங்களும் இருந்தன என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும். உடல் ஒத்துழைக்காவிட்டால் தொலைபேசியில் சொன்னாலும் போதும். சில வாரங்கள் குழுவிலிருந்து ஒதுங்கியிருப்பதும் தவறில்லை.

நீங்கள் துணையாகும்போது

சிகிச்சை முடிந்த உடனே பிறருக்கு உதவக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் ஸ்கேன் நாள் நெருங்கும்போது இன்னொருவரின் அச்சத்தையும் சேர்த்துச் சுமக்க முடியாது. குறைந்தது ஓராண்டாவது போகட்டும். பிறகு, மருத்துவமனையின் சமூகப் பணியாளர் வழியாகவே செல்லுங்கள். அவர் நோயாளியிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் பெற்றிருப்பார். யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் சொல்லிவிடுவார். வீட்டில் தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னால், அது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல என்று அவரிடம் விளக்குவதோடு நில்லாமல், அவருடன் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுங்கள். வார்டில் கிருமிப் பயத்துக்காகச் செவிலியர் வேண்டாம் என்று சொன்ன நாளில் மட்டும் அதைத் தவிர்த்துவிடலாம்.

முதல் சந்திப்பு அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் கதையை அவர் கேட்டால் மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். எழுந்திருக்கும் முன் அடுத்த ஊசி எந்தத் தேதி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் காலையில், அவர் மருத்துவமனைக்குக் கிளம்பும் நேரத்தில், “கிளம்பியாச்சா?” என்று ஒரு செய்தி அனுப்புங்கள்.